சத்தத்தை ஏற்றியது நாங்கள் இல்லை

அன்றைக்கு அந்த ஹாலில் நாலு பேர் இருந்தார்கள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இதைக் கேட்கிற எல்லாரும் "உங்கள்ல யாரோ ரிமோட்டை அமுக்கியிருக்கீங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

வெங்கட், மூணு பேர் உட்காரும் சோபாவில் நட்டநடுவில். அவன் மனைவி ஷோபனா அவனுக்கு இடது பக்கம், காலை மடக்கிக்கொண்டு. வெங்கட்டின் ஆபீஸ் சிநேகிதன் விக்ரம் சோபாவுக்கு வலது பக்கம் தரையில், பீன் பேக்கில், மடியில் முறுக்கு டப்பாவோடு. விக்ரமின் மனைவி ஜெபா வாசல் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில். ஏசி காற்று மேலே பட்டால் அவளுக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். ரிமோட் டீப்பாய் மேல் இருந்தது. நாலு பேர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. யார் கையும் அதன் மேல் இல்லை.

நேரம், ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகல் மூணு மணி. இதில் ஒரு வரிகூட ஜோடனை கிடையாது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போகிற ரகம் ஷோபனா. இன்றைக்கும் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வராது. நடந்ததைச் சொல்வாள். அவ்வளவுதான்.

வீடு மேனாம்பேட்டில். மூணு மாடி, பன்னிரண்டு குடித்தனம். இவர்கள் இரண்டாவது மாடிக்கு வாடகைக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வந்ததும் வெங்கட் போனஸ் பணத்தில் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினான். வாங்கியவன் சும்மா இருக்கவில்லை. எவ்வளவு சத்தத்தில் வைத்தால் படம் படமாக இருக்கும் என்று ஒரு வாரம் ஆராய்ச்சி செய்தான். போனில் சத்தம் அளக்கிற ஆப்பைப் போட்டுக்கொண்டு, சோபாவின் நடுவில் உட்கார்ந்து பார்த்தான், எழுந்து நின்று பார்த்தான், சமையலறையில் நின்றும் பார்த்தான்.

"வெடிச் சத்தத்தை வெச்சு அளவு பாக்கக் கூடாது ஷோபனா. வசனத்தை வெச்சுத்தான் பாக்கணும். எதிர்ல உக்காந்து ஒருத்தர் சாதாரணமா பேசற மாதிரி வசனம் கேக்கணும். அதுக்குக் கீழ போனா காதைத் தீட்டிக்கிட்டு உக்காரணும். மேல போனா ஒவ்வொரு சண்டைக்கும் ரிமோட்டைத் தேடணும்."

அந்த ஹாலுக்கு அந்தக் கணக்கு முப்பத்தெட்டில் நின்றது. ஹோம் தியேட்டர் பெட்டியின் முகப்பில் நீல எழுத்தில் 38. ஊஃபர் பெட்டியின் அதிர்வு தரை வழியாகக் கீழ் வீட்டுக்குப் போகாமல் இருக்க, அதற்கு அடியில் கனமான ரப்பர் பாய். அதற்கப்புறம் வீட்டில் ஒரு சட்டம் வந்தது: படம் ஆரம்பிக்கும்போது முப்பத்தெட்டு வைத்துவிட்டு ரிமோட்டை டீப்பாய் மேல் வைத்துவிட வேண்டும். முடியும் வரை யாரும் தொடக் கூடாது.

இருந்தும் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் எத்திராஜ் இரண்டு முறை வாட்ஸ்அப்பில் புகார் போட்டார். அவர் வீடு நேர் மேலே, மூணாவது மாடி. ஷோபனா சும்மா விடுகிற ஆள் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுவதுதான் அவள் உத்தியோகம். சோளிங்கர் பள்ளிக்கூடத்தில் 'அனுப்புநர், பெறுநர், பொருள்' என்று எழுதப் பழகியதை இன்றும் வரி மாறாமல் எழுதுவாள். ஒரு நாள் வெங்கட்டைச் சண்டைக் காட்சி ஓட்டச் சொல்லிவிட்டு எத்திராஜ் வீட்டு வாசலில் போய் நின்றாள். எத்திராஜ் வீட்டு மிக்ஸிதான் கேட்டது. இதைத் தேதி போட்டு அவருக்கு எழுதினாள். பதில் வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஜெபா அண்ணனூரில் இருக்கிற தங்கள் வீட்டிலிருந்து பிரியாணி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கனத்த திரையை இழுத்துவிட்டார்கள். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே இருட்டு.

"முப்பத்தெட்டா?" என்றான் விக்ரம். "இன்னா மச்சான், குழந்தய தூங்க வெக்கிறியா? அம்பதுல வைடா."

"அம்பது வெச்சா எத்திராஜ் சார் எறங்கி வருவாரு."

"வரட்டுமே. முறுக்கு குடுத்து குந்த வெச்சிரலாம்."

"இவர் பேச்சைக் கேக்காதீங்க ஷோபி" என்றாள் ஜெபா. "ரயில் ஷெட்டுக்குப் பக்கத்துல இருந்து இருந்து இவருக்குக் காதே போச்சு. நான் மெதுவா பேசினா கை ஜாடைதான் காட்டணும்."

"நீ எப்ப மெதுவா பேசின?"

வெங்கட் முப்பத்தெட்டு வைத்தான். ரிமோட்டை டீப்பாய் மேல் வைத்தான்.

ஏதோ ஒரு பட்டாளத்துப் படம். அரை மணி நேரம் ஒழுங்காக ஓடியது. அம்மாவும் மகனும் பேசிக்கொள்கிற காட்சி வந்தது. குசுகுசுவென்று பேசுகிறார்கள். ஆனால் ஷோபனாவுக்கு அது குசுகுசுவாகக் கேட்கவில்லை. அந்த அம்மா காதோரம் வந்து பேசுகிற மாதிரி இருந்தது.

பெட்டியைப் பார்த்தாள். 43.

"யாரு ஏத்தினது?"

"நான் இல்லை" என்றான் வெங்கட். விக்ரம் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். ஒரு கையில் முறுக்கு.

வெங்கட் ரிமோட்டை எடுத்து முப்பத்தெட்டுக்கு இறக்கினான். திரும்ப வைத்தான். எல்லாரும் பெட்டியையே பார்த்தார்கள்.

39.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

40.

"உன் போன்ல ஏதாவது ஆப் கீதாடா?" என்றான் விக்ரம்.

வெங்கட் தன் போனை அணைத்தான். மற்ற மூணு பேரும் அணைத்தார்கள். வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினார்கள். 44 ஆகியிருந்தது. ஷோபனா ரிமோட்டைத் திருப்பி, மூடியைத் திறந்து, இரண்டு பேட்டரியையும் கழற்றி வெங்கட் உள்ளங்கையில் வைத்தாள்.

"இப்ப ஏறட்டும் பாக்கலாம்."

45.

யாரும் சிரிக்கவில்லை. ஷோபனா எழுந்து பெட்டிக்கு முன்னால் போய், குமிழைக் கையால் திருப்பி இறக்கினாள். 38. கையை எடுக்கவில்லை. விரலுக்கு அடியில் குமிழ் அசையவே இல்லை. எண் மட்டும் ஏறியது. அவள் இறக்கினாள். அது ஏற்றியது. அவள் மறுபடி இறக்கினாள்.

"ஷோபனா, விட்டுடு."

"நம்ம வீட்டுப் பெட்டி வெங்கட். எவ்வளவு சத்தம்னு நாமதான் சொல்லணும்."

இறக்க இறக்க அது வேகமாக ஏறியது. 52. 60. சத்தம் அலையலையாகப் பொங்கி அடங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. படத்தில் வசனம் ஓய்ந்து ஒரு நொடி மௌனம் வந்தபோதுதான் அவளுக்கு அது கேட்டது.

டிக்.

ரிமோட்டின் ரப்பர் பட்டனை நகத்தால் அழுத்தினால் வருமே, அந்தச் சத்தம். சின்னது. எண் ஒன்று ஏறியது.

டிக்... டிக்...

அவள் வெங்கட்டைப் பார்த்தாள். பேட்டரி இல்லாத ரிமோட் டீப்பாய் மேல்தான் கிடந்தது. சத்தம் அங்கிருந்து வரவில்லை.

தரையிலிருந்து வந்தது. சோபாவுக்கும் அவளுக்கும் நடுவில், வெறும் டைல்ஸ் தரையிலிருந்து.

விக்ரமும் கேட்டிருக்க வேண்டும். காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டான்.

"அத்த அணைச்சுத் தொல மச்சான்."

ஷோபனா பெட்டியின் பவர் பட்டனை அமுக்கினாள். அணையவில்லை. அதன் சுவிட்ச், பெட்டி வைத்திருந்த மர அலமாரிக்கும் சுவருக்கும் இடையில். வெங்கட் அலமாரியைப் பிடித்து இழுத்தான். நகரவில்லை.

71... 75...

"மெயினை அணை ஜெபா! மெயினு!"

ஜெபா கதவோரம் இருந்த மெயின் சுவிட்சுக்குத் தாவினாள்.

80.

அதற்கு மேல் அந்தப் பெட்டியில் எண் கிடையாது.

படத்தில் குண்டு வெடித்தது.

மேலிருந்து கீழ் வரை மொத்தக் கட்டடமும் அதிர்ந்தது. ஷோபனா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பொட்டென்று எல்லாம் அணைந்தது. படம். நீல எண். ஏசி.

மின்விசிறி தன் பாட்டுக்குச் சுற்றி மெல்ல நின்றது.

"நல்ல வேளை ஜெபா..." என்றான் வெங்கட்.

"நான் இன்னும் தொடவே இல்ல" என்றாள் ஜெபா. அவள் கை சுவிட்சுக்கு ஒரு சாண் தள்ளி, அந்தரத்தில் நின்றது.

இருட்டு.

டிக்.

கரண்டே இல்லாத வீட்டில்.

டிக்... டிக்...

எதை ஏற்றுவதற்கு?

டிக்...

இடைவெளி நீண்டது.

டிக்......

அப்புறம் வரவில்லை.

விக்ரம் எழுந்து போய் எல்லாத் திரையையும் ஒரே இழுப்பில் விலக்கினான். வெயில் சடாரென்று உள்ளே விழுந்தது. தரையில் ஒன்றுமில்லை. முறுக்குத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. அவ்வளவுதான்.

காலிங் பெல் வேலை செய்யாததால் கதவு படபடவென்று தட்டப்பட்டது. ஷோபனா திறந்தாள். எத்திராஜ். கையில் இவர்கள் வீட்டு ஃபியூஸ் கட்டை.

"நீங்கதான் புடுங்கினீங்களா சார்?"

"பின்ன? அஞ்சாறு தரம் ஏத்தி ஏத்தி எறக்குறீங்க. வேணும்னே பண்றீங்களா? வாட்ச்மேனைக் கூட்டிட்டுப் போய் புடுங்கினேன்."

"கதவைத் தட்டியிருக்கலாமே."

"தட்டினா உங்களுக்குக் கேக்குமா?" கட்டையை அவள் கையில் வைத்துவிட்டுப் படியேறினார்.

விக்ரமும் ஜெபாவும் அன்றைக்கு டீகூடக் குடிக்கவில்லை. பிரியாணி டிபன் கேரியரை விட்டுவிட்டே போய்விட்டார்கள்.

மறுநாள் சங்கத்திலிருந்து தாள் வந்தது. நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து, இனி ஒலி அளவு இருபதைத் தாண்டாது என்று ஷோபனாவும் வெங்கட்டும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரர் வேலூரிலிருந்து போன் செய்தார். "ஒரு கையெழுத்துதானேம்மா, போட்டுட்டுப் போயிடுங்க. சங்கத்தோட எனக்கு வம்பு வேணாம்."

வெங்கட் தயாராக இருந்தான். "போட்டுடலாம் ஷோபனா. பெட்டியை வித்துடலாம். வீடுகூட மாத்திடலாம். எனக்கு இந்த வீட்டுல தூக்கம் வரல."

"கையெழுத்துப் போட்டா நான்தான் பண்ணினேன்னு ஆயிடும். நான் பண்ணல. நீயும் பண்ணல. பண்ணாததுக்கு எதுக்கு வருத்தம் தெரிவிக்கணும்? ஏழு வீடு ஏறி எறங்கி இது கெடைச்சுது. ஆபீசுக்கு ஷேர் ஆட்டோல பத்து நிமிஷம். நான் காலி பண்ண மாட்டேன்."

"அப்ப என்ன பண்ணப் போற?"

"பதில் எழுதப் போறேன்."

பதில் என்றால் அவளுக்கு எல்லாம் திருத்தமாக இருக்க வேண்டும். ஃபியூஸ் கட்டையைக் கையால் பிடுங்கியது எத்திராஜா, வாட்ச்மேனா என்று தெரிந்துகொள்ளக் கீழே இறங்கினாள். வாட்ச்மேன் டில்லிபாபு மீட்டர் ரூம் படியில் உட்கார்ந்திருந்தான்.

"செக்கரட்டரி சொன்னாரு, புடுங்குனேன் மேடம். நான் இன்னா பண்றது? அந்த ஊட்டுக்கு நான் புடுங்கறது ரெண்டாவது தபா."

"ரெண்டாவதா? நாங்க வந்து ஒரு தடவைதானே..."

"நீங்க வர்றதுக்கு மின்ன." டில்லிபாபு மாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். "ஜேம்ஸ் சார்னு ஒருத்தரு இருந்தாரு. தனி ஆளு. எஸ்டேட்ல பிரஸ் ஷாப்புல வேல பாத்து பாத்து காது மந்தமாப் பூடுச்சு. டிவி எப்பவும் சத்தமாத்தான் வெப்பாரு. டெய்லி சண்டதான். ஒரு நாளு மத்தியானம் திடீர்னு சத்தம் ஏறிச்சு பாரு... ஏறிகினே போவுது. ஃபுல்லு. தெருக்கோடி வரிக்கும் கேக்குது. சாயங்காலம் வரிக்கும் நிக்கவே இல்ல."

"யாரும் போய்ப் பாக்கலையா?"

"பாக்கறதா? திமுரு பண்றாருன்னு எல்லாருக்கும் கோவம்."

"கதவைத் தட்டலையா டில்லிபாபு?"

"அவருக்குத்தான் காது கேக்காதே, தட்டி இன்னா ஆவப் போவுதுன்னாங்கோ. ஃபீஸு கட்டையப் புடுங்குடான்னாங்கோ. புடுங்குனேன். சத்தம் நின்னுச்சு. அன்னிக்கு நைட்டு எல்லாரும் நிம்மதியா தூங்குனாங்கோ. ஃபீஸு கேட்டு அவரே எறங்கி வருவாரு, அப்ப நாலு வார்த்த கேக்கலாம்னு காத்துகினு இருந்தாங்கோ. வரவே இல்ல. எட்டு நாளு பொறவு நாத்தம் வந்துச்சு. கதவ ஒடச்சிகினு நானும் உள்ள போனேன் மேடம். ஹால்ல, சோபாவுக்கு முன்னால தரையில கெடந்தாரு. ஒரு பக்கம் கை காலு இஸ்துகினு வாயி கோணிப் போயி. எழுந்துக்க முடியல, கூப்புட முடியல. கையில ரிமோட்டு மட்டும்..."

"போதும்" என்றாள் ஷோபனா. மேலே ஏறிப் போனாள்.

வெங்கட்டிடம் சொன்னபோது அவன் சூட்கேஸை எடுத்துக் கட்டில் மேல் வைத்தான். அன்றைக்கே அவன் அம்பத்தூரில் அவன் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டான். அவளையும் கூப்பிட்டான். கெஞ்சினான்.

"எழுதி முடிச்சிட்டு வரேன்" என்றாள்.

சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. ஹாலில் சோபாவின் நடுவில் உட்கார்ந்து, டீப்பாய் மேல் தாளை வைத்தாள். பெட்டியைப் போட்டாள். படம் எதுவும் ஓடவில்லை; 38 மட்டும் நீலமாக நின்றது. ரிமோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அனுப்புநர் எழுதினாள். பெறுநர் எழுதினாள்.

டிக்.

பேனா நின்றது.

டிக்... டிக்...

41. அவள் தலையைத் தூக்கவில்லை. ரிமோட்டை எடுக்கவும் இல்லை. இறக்கவும் இல்லை.

"எழுதிக்கிட்டுதான் இருக்கேன் சார்" என்றாள் தரையைப் பார்த்து.

பொருள்: *ஒலி அளவு தொடர்பாக.*

*ஐயா, தங்கள் தாளில் கண்ட மன்னிப்பில் நாங்கள் கையெழுத்திடப் போவதில்லை. சம்பவத்தன்று யார் எங்கே அமர்ந்திருந்தார்கள் என்பதை இணைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒலி அளவு முப்பத்தெட்டு. அது தங்கள் வாசலில் கேட்காது; நானே நின்று பார்த்தேன். அதை ஒரு புள்ளியும் குறைக்க மாட்டோம். அதற்கு மேல் சத்தம் கேட்டால், அது நாங்கள் இல்லை. அப்போது தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கதவைத் தட்டுங்கள். தட்டியும் திறக்காவிட்டால் உடையுங்கள். மீட்டர் ரூமுக்குப் போகாதீர்கள். வீட்டை நாங்கள் காலி செய்யவில்லை. இதன் நகல் பன்னிரண்டு வீட்டுக்கும்.*

மறுநாள் காலை கவரை ஒட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். கேட்டில் டில்லிபாபு வழியை மறித்து நின்றான். ராத்திரியெல்லாம் தூங்காதவன் கண்.

"மேடம், நேத்து ஒண்ணு சொல்ல வுட்டுட்டேன். சொல்லாம இருக்க முடியல."

"சொல்லு."

"அவர் கையிலேர்ந்து ரிமோட்ட எட்க்கவே முடியல. அவ்ளோ இறுக்கம். பொறவு பாத்தா, அந்த சத்தம் ஏத்தற ப்ளஸ் பட்டன் மட்டும் உள்ள அமுங்கிப் போயி கீது, எழுந்திரிக்கவே இல்ல. போஸ்ட்மார்ட்டம் பண்ண டாக்டரு போலீஸாண்ட சொல்றப்ப நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். ஃபீஸு புடுங்குன அன்னிக்கு அவரு சாவல மேடம். அதுக்குப் பொறவும் ரெண்டு நாளு உசுரு இருந்துச்சாம்."

ஷேர் ஆட்டோவில் ஏறியது ஷோபனாவுக்கு ஞாபகமில்லை. தபால் நிலையத்தில், பசை டப்பா வைத்திருந்த மேஜைக்குப் போய் நின்றாள். கவரிலிருந்து தாளை வெளியே எடுத்தாள். நின்றபடியே, கையெழுத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதினாள்.

*ஃபியூஸ் பிடுங்கப்பட்ட பிறகும் இரண்டு நாள் திரு. ஜேம்ஸ் தங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.*

மடித்தாள். உள்ளே வைத்தாள். பசை தடவி, கட்டை விரலால் ஓரம் முழுக்க அழுத்தி ஒட்டினாள்.

கவுன்டரில் இருந்த அம்மா விலாசத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "அனுப்பறவங்க, வாங்கறவங்க ரெண்டும் ஒரே பில்டிங்கா இருக்கே. மாடி ஏறிக் கையில குடுத்துடலாமேம்மா?"

"இல்லீங்க" என்றாள் ஷோபனா. "கையெழுத்துப் போட்டு வாங்கட்டும். ஸ்பீட் போஸ்ட்."

கண்ணாடிக்குக் கீழே இருந்த சந்தில் கவரை உள்ளே தள்ளினாள்.